உயிரோடு இருந்தவர்களின் பதக்கம்

பிரிட்டிஷ் கடற்படையின் பழைய பதக்கங்களில் நேவல் ஜெனரல் சர்வீஸ் மெடல் என்று ஒன்று உண்டு. அதைப் பெற இரண்டு தகுதிகள் போதும். 1793-க்கும் 1840-க்கும் இடையில் நடந்து, அரசின் பட்டியலில் ஏறிய கடற்சண்டைகளில் ஏதாவது ஒன்றின்போது கப்பலில் இருந்திருக்க வேண்டும். அடுத்தது, 1847-இல் உயிரோடு இருந்து, எனக்கும் ஒன்று வர வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். வீரம் காட்டினாயா என்று யாரும் விசாரிக்கவில்லை. காது அடைத்துப்போகப் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவனுக்கும், கீழ்த்தளத்தில் சாமான்களுக்கு நடுவே குந்தியிருந்தவனுக்கும் ஒரே எடையில் ஒரே வெள்ளி. இந்தப் பதக்கம் எனக்குப் பிடித்துப்போகத் தொடங்கியதே இந்த இடத்தில்தான்.

என் பிழைப்பு வணிகக் கப்பல்களின் எஞ்சின் அறையில் கழிந்தது. போர்க்கப்பலில் வேலை பார்த்ததில்லை. பதக்கம் எதுவும் என் சட்டையில் ஏறியதில்லை. ஆனால் கடலில் இருந்தேன் என்பதைக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் நிரூபிப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். கப்பல்காரனுக்கு சி.டி.சி. என்று ஒரு புத்தகம் உண்டு. எந்தக் கப்பலில் என்று ஏறினான், என்று இறங்கினான் என்பதெல்லாம் அதில் பதிவாகி, கேப்டனின் கையெழுத்தும் கப்பலின் முத்திரையும் விழ வேண்டும். அடுத்த தேர்வு எழுதுவதற்கும் அடுத்த பதவிக்குப் போவதற்கும் அந்தக் கணக்குதான் ஆதாரம். ஒருமுறை முத்திரை மங்கலாக இருக்கிறது என்று சொல்லி, ஒரு கப்பலில் நான் வியர்வை சிந்திய காலம் முழுவதையும் ஓர் அலுவலகம் சேர்த்துக்கொள்ள மறுத்தது. போய்க் கேட்கலாம் என்றால் அந்தக் கப்பலே அதற்குள் உடைப்புக்குப் போய்விட்டிருந்தது. பிற்பாடு இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்து மாலுமிகள் விடுதியில் கிடந்த பழைய ஏலப் பட்டியல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இந்தப் பதக்கத்தின் படத்துக்குக் கீழே அச்சாகியிருந்த நீண்ட குறிப்பு கண்ணில் பட்டது. விண்ணப்பம், பதிவேடு, சரிபார்ப்பு, நிராகரிப்பு என்று முழுக்க முழுக்க என் உலகத்துச் சமாசாரம். அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை.

முதலில், அதற்கு முந்தைய நிலைமை. 1794 ஜூன் 1 அன்று பிரெஞ்சுக் கடற்படையை அட்லாண்டிக்கில் ஹோவ் பிரபு தோற்கடித்தார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மகிழ்ந்து தங்கப் பதக்கம் ஒன்றை ஏற்படுத்தினார். அட்மிரல்களுக்குப் பெரியது, கேப்டன்களுக்குச் சிறியது. அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. கேப்டன்களிலும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஹோவ் தம் அறிக்கையில் யார் பெயரைக் குறிப்பிட்டாரோ அவர்களுக்குத்தான். அந்த அறிக்கையில் விடுபட்டுப்போனவர்களில் ஒருவர் கதபர்ட் காலிங்வுட். 1797-இல் செயின்ட் வின்சென்ட் முனைப் போரில் அவர் திறமையாகச் சண்டையிட்டதும் அவருக்கும் ஒரு தங்கப் பதக்கம் வந்தது. வாங்க மாட்டேன் என்றார் காலிங்வுட். ஜூன் முதல் தேதிக்கு உரியதைக் கொடுக்காமல் இதை மட்டும் அணிந்துகொள்வது அன்றைக்கு நான் கடமை தவறினேன் என்று ஒப்புக்கொள்வதாகும் என்பது அவர் வாதம். கடற்படையை நிர்வகித்த அட்மிரால்டி இறங்கிவந்து இரண்டையும் சேர்த்தே அனுப்பியது. மானஸ்தர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுப்பதற்கு முதலில் ஒரு பதக்கம் கைக்கு வர வேண்டுமே. அவர் கப்பலில் கயிறு இழுத்தவர்களுக்கு அந்த வசதியும் இல்லை.

அரசு கொடுக்காததைத் தனியார் கொடுத்தார்கள். 1798 நைல் போருக்குப் பிறகு, அதில் வென்ற அட்மிரல் நெல்சனின் முகவராக இருந்த அலெக்சாண்டர் டேவிசன் தம் சொந்தப் பணத்தில் பதக்கம் அடித்தார். நல்ல மனம்தான். ஆனால் அதிலும் அட்மிரலுக்கும் கேப்டன்களுக்கும் தங்கம், லெப்டினன்ட்டுகளுக்கு வெள்ளி, சிற்றதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசியது, சாதாரண மாலுமிக்கு வெண்கலம். 1805 டிரஃபால்கர் கடற்போருக்குப் பிறகு பர்மிங்ஹாம் தொழிலதிபர் மேத்யூ போல்டன் ஒன்று அடித்தார். மாலுமிகளுக்கு அதில் வெள்ளீயக் கலவைதான் கிடைத்தது. பலர் அதைக் கடலில் விட்டெறிந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, எறிந்திருந்தால் நியாயம்தான். அதே போல்டனின் பட்டறையில்தான் 1799 ஸ்ரீரங்கப்பட்டினப் பதக்கமும் அடிக்கப்பட்டது. திப்புவின் கோட்டையில் ஏறிய சிப்பாய்களுக்கும் வெள்ளீயம்தான் வாய்த்தது.

அடுத்து நடந்தது கொஞ்சம் வேடிக்கையானது. 1811-இல் ஜாவாவை டச்சு, பிரெஞ்சுக் கைகளிலிருந்து பறிக்க ஒரு பெரும்படை கடல் கடந்து போனது. அதில் பங்கெடுத்த இந்தியச் சிப்பாய்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பெற்றார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டுபோய்க் கரையில் இறக்கிய பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு அப்போது எதுவும் வரவில்லை. 1815 வாட்டர்லூவில் நின்ற தரைப்படையினர் எல்லோருக்கும், அந்தஸ்து பார்க்காமல், பதக்கம் வந்தது. 1842-இல் முதல் சீனப் போருக்கும் அப்படியே. 37-ஆம் மதராஸ் காலாட்படைச் சிப்பாய்களும் அதைப் பெற்றார்கள். நைலிலும் டிரஃபால்கரிலும் இருந்த கிழவர்களோ வெறும் சட்டையோடு நின்றார்கள். கம்பெனி தாராள மனத்தோடு கொடுத்தது என்று நான் நினைக்கவில்லை. கடல் தாண்டச் சிப்பாய் தயங்குவான் என்பதும், ஒரு வெள்ளித் துண்டு அந்தத் தயக்கத்தைக் குறைக்கும் என்பதும் கம்பெனிக்குத் தெரியும். பிரிட்டிஷ் மாலுமியைத் தயக்கம் பார்த்து அழைக்க வேண்டிய தேவையே இல்லை. சாராயக் கடை வாசலில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கப்பலில் ஏற்ற அவர்களுக்குச் சட்டமே இடம் கொடுத்தது.

பழைய போர்வீரர்களுக்காகப் பிரபுக்கள் சபையில் விடாமல் வாதாடியவர் ரிச்மண்ட் கோமகன். எதிர்த்தவர் வாட்டர்லூவில் வென்ற தளபதி வெலிங்டன். தங்கப் பதக்கங்கள் ஏற்கெனவே அவர் மார்பில் இருந்தன என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கடைசியில் 1847 ஜூன் 1 அன்று அரசிதழில் அறிவிப்பு வந்தது. தரைப்படைக்கு ஒரு பதக்கம், கடற்படைக்கு ஒரு பதக்கம். 1851 மே வரை விண்ணப்பிக்கலாம் என்று ஆனது. கடற்படைப் பதக்கத்தை ஏறத்தாழ 21,000 பேர் பெற்றார்கள்.

வில்லியம் வையன் வடித்தது அது. உலகின் முதல் தபால்தலையில் உள்ள ராணியின் முகம் அவர் செய்த வேறொரு பதக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதுதான். இதன் ஒரு பக்கம் விக்டோரியாவின் தலையும் 1848 என்ற ஆண்டும். டிரஃபால்கர் நடந்தது அவருடைய தாத்தா காலத்தில். விக்டோரியா பிறந்ததே 1819-இல்தான். மறுபக்கம் பிரிட்டானியா தேவி திரிசூலத்தோடு கடற்குதிரை மேல் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளை ரிப்பன், இரு ஓரங்களிலும் கரு நீலம். ரிப்பனுக்குக் குறுக்கே, எந்தச் சண்டையில் இருந்தாரோ அதன் பெயர் பொறித்த சிறு வெள்ளிப் பட்டை. இரண்டு சண்டை என்றால் இரண்டு பட்டை, ஒன்றின் மேல் ஒன்றாக. அந்தப் பட்டையில்தான் எல்லாச் சங்கதியும் இருக்கிறது.

மொத்தம் 231 வகைப் பட்டைகளை அரசு ஏற்றுக்கொண்டது. இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கைக் கணக்கு. டிரஃபால்கரில் பிரிட்டிஷ் கப்பல்களில் இருந்தவர்கள் சுமார் 18,000 பேர். 'டிரஃபால்கர்' என்ற பட்டையைக் கேட்டு வாங்கியவர்கள் சுமார் 1,600 பேர். நைலுக்கு முந்நூற்றுச் சொச்சம். ஆனால் 'சிரியா' என்ற பட்டையைப் பெற்றவர்கள் ஏறத்தாழ ஏழாயிரம் பேர்; மொத்தப் பதக்கங்களில் மூன்றில் ஒரு பங்கு. சிரியா என்பது 1840 நவம்பரில், அன்று சிரியா எனப்பட்ட கரையில் இருந்த ஏக்கர் (இன்றைய இஸ்ரேலின் அக்கோ) கோட்டையைக் கடலிலிருந்து தாக்கிய நடவடிக்கை. பிரிட்டிஷ், ஆஸ்திரிய, உதுமானியக் கப்பல்கள் சேர்ந்து சுட்டன. கோட்டைக்குள் இருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே நொடியில் மாண்டார்கள். மறுநாள் கோட்டை விழுந்தது. டிரஃபால்கரோடு ஒப்பிட்டால் அது சின்ன வேலை. பட்டை மட்டும் நான்கு மடங்குக்கு மேல். காரணம் வெளிப்படை: எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததால் ஆட்கள் சாகவில்லை, பலர் இன்னும் கடற்படையிலேயே இருந்தார்கள், விண்ணப்பத்தை நீட்ட மேலதிகாரியும் அருகில் இருந்தார். டிரஃபால்கர்காரன் எந்தக் கிராமத்தில் எந்தப் பேத்தியின் வீட்டுத் திண்ணையில் கிடந்தானோ, அரசிதழ் அவன் வாசலுக்கு எப்படிப் போகும்? பட்டைகளின் எண்ணிக்கையைப் பார்த்துச் சண்டையின் அளவை ஊகிப்பவர்கள் ஏமாறுவார்கள். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் எத்தனை மழைக்காலம் கழிந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு பெயர்கள், இந்தப் பதக்கத்தை அணியாதவர்களுடையவை. பட்டியலில் காலத்தால் முதலில் வரும் பட்டை 'நிம்ஃப் 18 ஜூன் 1793'. நிம்ஃப் என்ற ஃபிரிகேட் (வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல்) கிளியோபாட்ர் என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்த நாள் அது. நிம்ஃபின் கேப்டன் எட்வர்ட் பெல்யூ. நமக்கு அந்நியர் இல்லை. 1804 முதல் 1809 வரை கிழக்கிந்தியக் கடல்களின் கடற்படைத் தளபதியாக மதராஸைத் தளமாகக் கொண்டிருந்தவர். 1816-இல் எக்ஸ்மவுத் பிரபுவாக அல்ஜியர்ஸைத் தாக்கி அடிமைகளை விடுவித்தவரும் அவரே. அதற்கும் ஒரு பட்டை உண்டு. 1833-இல் இறந்தார். பட்டியலின் கடைசிப் பட்டை 'சிரியா'. அந்த நடவடிக்கையின் தளபதி அட்மிரல் ராபர்ட் ஸ்டாப்ஃபோர்ட். 1794 ஜூன் முதல் தேதிச் சண்டையில் ஒரு ஃபிரிகேட்டின் கேப்டன், 1806-இல் சான் டொமிங்கோ போரில் கேப்டன், 1811-இல் ஜாவா படையெடுப்பில் கடற்படைத் தலைவர், 1840-இல் ஏக்கர். இந்தப் பதக்கத்தின் கால எல்லை முழுவதையும் கடலிலேயே வாழ்ந்து தீர்த்த மனிதர். அரசிதழ் வந்தது 1847 ஜூன் 1. ஸ்டாப்ஃபோர்ட் இறந்தது அதே ஜூன் 25. முதல் பட்டையின் நாயகரும் கடைசிப் பட்டையின் நாயகரும் பதக்கம் அடிக்கப்படும் முன்பே போய்விட்டார்கள்.

மறுமுனையில் ஜேம்ஸ் கார்டன். பதினோரு வயதில் கப்பல் ஏறிய பையன். நைல் போரின்போது கோலியாத் என்ற கப்பலில் பதினைந்து வயது மிட்ஷிப்மேன், அதாவது பயிற்சி அதிகாரி. 1811-இல் ஏட்ரியாட்டிக்கில் ஒரு காலை இழந்தார். அதற்குப் பிறகும் கடலை விடவில்லை. ஏழு பட்டைகள் பெற்ற இரண்டே பேரில் இவர் ஒருவர். ஒற்றைக் காலோடு 1869 வரை வாழ்ந்தார்.

எந்தச் சண்டைக்குப் பட்டை, எதற்கு இல்லை என்று எப்படித் தீர்மானித்தார்கள்? தங்கப் பதக்கம் கொடுக்கப்பட்ட பெரிய போர்கள் எல்லாம் தாமாகவே சேர்ந்தன. மற்றவற்றுக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டார்கள்: அந்தச் சண்டையின் பலனாக யாருக்காவது பதவி உயர்வு கிடைத்ததா? கப்பலோடு கப்பல் மோதிய சண்டை என்றால் முதல் லெப்டினன்ட்டுக்கு. படகுகளில் போய்த் தாக்கியது என்றால் தலைமை தாங்கிய அதிகாரிக்கு. கிடைத்திருந்தால் பட்டை உண்டு. கிடைக்காதிருந்தால், பாதிப் பேர் செத்திருந்தாலும் பட்டை இல்லை. அரைநூற்றாண்டுக்கு முன் லண்டனில் யாரோ ஒரு செயலர் ஒரு லெப்டினன்ட்டின் கோப்பில் கையெழுத்திட்டாரா இல்லையா என்பதில் தொங்கியது, அந்தக் கப்பலில் இருந்த அத்தனை பேரின் கணக்கும். என் முத்திரை மங்கிய கதையை நினைத்துக்கொண்டேன்.

ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். 1827 அக்டோபரில் கிரேக்கக் கரையோரம் நவரினோ வளைகுடாவில் பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்யக் கப்பல்கள் உதுமானிய, எகிப்தியக் கப்பற்படையை நொறுக்கின. பிரிட்டிஷ் தளபதி காட்ரிங்டன் கொடியேற்றியிருந்த கப்பலின் பெயர் ஏசியா. பம்பாய்த் துறையில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1824-இல் நீரில் இறக்கியது. சண்டையில் வென்றாலும் லண்டன் அரசுக்கு அது சங்கடமாகிவிட்டது. துருக்கியைப் பலவீனப்படுத்தி ரஷ்யாவை வளர்த்துவிட்டோமே என்று கையைப் பிசைந்தார்கள். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மன்னரின் நாடாளுமன்ற உரையிலேயே அதை ஒரு வேண்டாத நிகழ்வு என்ற தொனியில் குறிப்பிட்டுவிட்டு, காட்ரிங்டனைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இருபது ஆண்டு கழித்து அதே சண்டைக்கு 'நவரினோ' என்று பட்டை. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். காட்ரிங்டன் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார்.

இனி நம் கடலுக்கு வருகிறேன். கொச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் கப்பல் குமரி முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். எஞ்சின் அறையிலிருந்து மேலே வந்தால் மலைகள் தெரியும். நான் அந்த வழியில் வரும்போதெல்லாம் மேலே வர முயல்வேன். அந்தக் கடலில் நடந்த ஒரு சண்டைக்கும் இந்தப் பதக்கத்தில் தனிப் பட்டை இருக்கிறது: 'சான் ஃபியோரென்சோ 8 மார்ச் 1808'.

சான் ஃபியோரென்சோ முதலில் மினெர்வ் என்ற பிரெஞ்சுக் கப்பல். 1794-இல் கோர்சிகாவில் பிரெஞ்சுக்காரர்களே அதை மூழ்கடித்தார்கள். பிரிட்டிஷார் தூக்கி எடுத்து, அந்த இடத்தின் பெயரையே சூட்டித் தம் கப்பலாக்கிக்கொண்டார்கள். 1808 மார்ச்சில் அதன் கேப்டன் ஜார்ஜ் நிக்கலஸ் ஹார்டிங், 26 வயது. கம்பெனியின் மூன்று வணிகக் கப்பல்களைக் குமரிக்கருகே வளைத்துப் பிடிக்கக் காத்திருந்தது பியேமோன்டேஸ் என்ற பிரெஞ்சு ஃபிரிகேட். மார்ச் 6 இரவு ஹார்டிங் அதை எட்டிப் பிடித்துச் சண்டையைத் தொடங்கினார். பிரெஞ்சுக் கப்பல் விலகி ஓடியது. ஏழாம் தேதி காலையில் மீண்டும் சண்டை, மீண்டும் விலகியது. எட்டாம் தேதி மூன்றாவது முறை. அதில் தொடக்கத்திலேயே சிதறுகுண்டு பட்டு ஹார்டிங் விழுந்தார். லெப்டினன்ட் டாசன் பொறுப்பேற்று ஒரு மணி நேரத்துக்கு மேல் நடத்தி முடித்தார். பிரிட்டிஷார் பக்கம் மாண்டவர்கள் 13 பேர், பிரெஞ்சுக் கப்பலில் 48 பேர். பிடிபட்ட கப்பலைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். ஹார்டிங்கை அங்கேயே ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் நினைவுச்சின்னமும் வைத்தார்கள். அவருடைய தம்பி ஹென்றி ஹார்டிங் 1844-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அண்ணன் செத்த சண்டைக்குப் பதக்கம் அறிவிக்கப்பட்டபோது தம்பி இந்தியாவில் ஆட்சியில் இருந்தார்.

அந்தப் பிரெஞ்சுக் கப்பலில் பிரெஞ்சுக்காரர்களோடு சுமார் இருநூறு லஸ்கர்களும், அதாவது ஆசிய மாலுமிகளும், இருந்தார்கள். பாய்மரங்களைக் கையாண்டது அவர்கள்தான். மூன்று நாள் பீரங்கிச் சண்டையில் பாய்மரத்தில் ஏறிக் கயிறு கட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். எதிரியின் குண்டுகள் குறிவைப்பதே மரத்தையும் கயிற்றையும்தான். கடைசியில் அந்தக் கப்பலின் மரங்கள் எல்லாம் சாய்ந்தன. எந்தப் பக்கத்துப் பதக்கத்துக்கும் அவர்கள் உரியவர்கள் அல்லர். யாருக்காகச் சண்டை, எதற்காகச் சண்டை என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். என்னோடு வேலை பார்த்த சாரங்குகளைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: கப்பல் கைமாறினாலும் கயிறு கைமாறாது, இழுக்கிறவன் இழுத்துக்கொண்டேதான் இருப்பான்.

பியேமோன்டேஸின் கதை அங்கே முடியவில்லை. பிரிட்டிஷ் கொடியேற்றி அதே கப்பலைப் பயன்படுத்தினார்கள். 1810 மே மாதம் கேப்டன் கிறிஸ்டபர் கோலின் தலைமையில் மதராஸிலிருந்து ஒரு சிறு அணி கிளம்பியது. அதில் பியேமோன்டேஸும் ஒன்று. மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவின் வீரர்கள் நூறு பேரை ஏற்றிக்கொண்டு, இன்றைய இந்தோனேசியாவில் ஜாதிக்காய் விளையும் பாண்டாத் தீவுகளுக்குப் போனார்கள். ஆகஸ்ட் மாத இரவில், புயலும் மழையுமாக இருக்கும்போது படகுகளில் கரையேறி டச்சுக் கோட்டையைப் பிடித்தார்கள். அதற்கும் ஒரு பட்டை: 'பாண்டா நெய்ரா'. ஒரு கப்பல் தோற்றதற்கு ஒரு பட்டை, அதே கப்பல் வென்றதற்கு ஒரு பட்டை. விசாகப்பட்டினத்துக் கடலில் 1804 செப்டம்பரில் சென்டூரியன் என்ற கப்பல் பிரெஞ்சு அட்மிரல் லின்வாவின் மூன்று கப்பல்களைச் சமாளித்ததற்கும் பட்டை உண்டு. வங்கக் கடலில் 'சிபில் 1799' என்று இன்னொன்று. இவற்றைப் பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதனால்தான் ஏலத்தில் அவற்றுக்கு அப்படி ஒரு விலை.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். அதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பதக்கத்தைப் பற்றி எழுத முடியாது. அக்காலப் போர்க்கப்பல்களில் சில அதிகாரிகளின், மாலுமிகளின் மனைவியர் கூடவே பயணம் செய்தார்கள். விதிப்படி அவர்கள் இல்லாதவர்கள். கப்பலில் இருப்பவர்களின் பதிவேடான மஸ்டர் ரோலில் பெயர் கிடையாது, ரேஷனும் கிடையாது. சண்டை வந்தால் வெடிமருந்து சுமந்தார்கள், மருத்துவருக்கு உதவினார்கள். நைல் போரில் கோலியாத் கப்பலில் இருந்த மாலுமி ஒருவர் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்: வெடிமருந்து கொண்டுவந்த பெண்களில் சிலர் காயம்பட்டார்கள், ஒருத்தி காயத்தால் இறந்தாள், எடின்பரோவைச் சேர்ந்த ஒருத்திக்குச் சண்டை நடுவிலேயே ஆண் குழந்தை பிறந்தது. போரில் கணவனை இழந்த நான்கு பெண்களை, சாரா பேட்ஸ், ஆன் டெய்லர், எலிசபெத் மூர், மேரி ஃபிரெஞ்ச், கோலியாத்தின் கேப்டன் ஃபோலி மஸ்டர் ரோலிலேயே ஏற்றினார். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டுப் பராமரித்ததற்காக, ஆண்களுக்குக் கொடுக்கும் உணவில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு பங்கு என்று எப்படி அளந்தார்களோ. இருந்தாலும் ஃபோலியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெயர்கள் இன்று நமக்குத் தெரிவதே அவர் அப்படி எழுதச் சொன்னதால்தான்.

1847-க்குப் பிறகு பெண்களும் விண்ணப்பித்தார்கள். நைல் போருக்காக ஆன் ஹாப்பிங், மேரி ஆன் ரைலி. டிரஃபால்கரில் டிஃபையன்ஸ் கப்பலில் இருந்ததற்காக ஜேன் டவுன்ஷெண்ட். விண்ணப்பங்களை ஆராய்ந்த குழு முதலில் ஜேன் டவுன்ஷெண்டின் கோரிக்கையை ஏற்றுக்கொள்ளவே முடிவு செய்தது. அறிவிப்பில் ஆண் என்றோ பெண் என்றோ எதுவும் இல்லை. கப்பலில் இருந்தார், ஆதாரம் இருக்கிறது, கொடுக்க வேண்டியதுதான் என்று. பிறகு யோசித்துப் பார்த்து மறுத்துவிட்டார்கள். மறுப்புக்குச் சொன்ன காரணத்தைத்தான் நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன்: அவர் பயன்படவில்லை என்று சொல்லவில்லை, அவரைப் போலவே பயன்பட்ட பெண்கள் கடற்படையில் ஏராளம் என்றார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் வருவார்கள், தரைப்படைக்கும் அதே தொல்லை. தகுதி இல்லை என்பது காரணமில்லை. தகுதியுள்ளவர்கள் அதிகம் என்பதுதான் காரணம். அலுவலகங்களின் வரலாற்றில் இதைவிட நேர்மையான மறுப்பை நான் பார்த்ததில்லை.

அதே குழு இன்னொரு விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டது. 1794 ஜூன் முதல் தேதிச் சண்டையில் பங்கேற்ற டிரெமெண்டஸ் என்ற கப்பலில் ஒரு பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கப்பலின் பெயரையே நடுவில் செருகி டேனியல் டிரெமெண்டஸ் மெக்கென்சி என்று பெயர் வைத்தார்கள். ஐம்பத்து நான்கு வயதில் அவர் பதக்கத்துக்கு விண்ணப்பித்தார், கிடைத்தது. சண்டையின்போது வகித்த பதவி என்ற இடத்தில் பதிவேட்டில் எழுதியிருப்பது: குழந்தை. விதி என்ன சொன்னதோ அதன்படி சரிதான். கப்பலில் இருந்தார், 1847-இல் உயிரோடு இருந்தார், கேட்டார், ஆணாகவும் இருந்தார்.

பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதிகாரி என்றால் பதவியும் கூட இருக்கும். சாதாரண மாலுமி என்றால் வெறும் பெயர். எந்தக் கப்பல் என்பது இருக்காது. தரைப்படைப் பதக்கத்தில் படைப்பிரிவின் பெயர் இருக்கிறது. கடற்படையினருக்கு அந்த உதவியும் இல்லை. ஜான் ஸ்மித், வில்லியம் ஜோன்ஸ் என்று பெயர் வாய்த்தவனின் பதக்கம் கையில் கிடைத்தால் அது யாருடையது என்று கண்டுபிடிப்பதற்குள் தலை நரைத்துவிடும். லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்கப் பதிவேடும் அக்காலக் கப்பல்களின் மஸ்டர் ரோல்களும் இருக்கின்றன. பதக்கம் சேகரிப்பவர்கள் அந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு தேடுவார்கள். நான் பதக்கம் எதுவும் வாங்கியதில்லை. ஓய்வூதியத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. அச்சில் வந்துள்ள பெயர்ப் பட்டியலைப் புரட்டுவதோடு சரி.

பழைய நாணயக் கண்காட்சிகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதன் நகல்கள் நிறைய உலவுகின்றன. அசல் பதக்கத்திலேயே பட்டையை மட்டும் மாற்றி ஏமாற்றுவதும் நடக்கிறது. சிரியாவைக் கழற்றிவிட்டு டிரஃபால்கரை மாட்டினால் விலை எங்கேயோ போய்விடும். யாராவது ஒன்றைக் கையில் கொடுத்தால் ராணியின் முகத்தையோ பட்டையையோ பார்த்து மயங்காதீர்கள். முதலில் விளிம்பைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். பெயரே இல்லையென்றால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயர் இருந்தால் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பெயர்ப் பட்டியலில் தேடுங்கள். அங்கே அவன் சிரியாவுக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறான் என்றால், மறுநாள் கண்காட்சிக்குப் போக வேண்டாம்.